நாலேமுக்கால் மணி நேரம்

இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டினால் நடுவே எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவனை அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். என்னோடு ஒரே ஒரு தடவை அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே கூட்டிக்கொண்டு போவேன். ஜென்மத்துக்கும் இன்னொருவனுக்கு நேரம் சொல்ல மாட்டான்.

எனக்கும் என் மனைவிக்கும், தப்பு, என் மகளின் அம்மாவுக்கும் விவாகரத்து ஆகி இரண்டு வருடமாகிறது. மகளுக்கு எட்டு வயது. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போல இருந்ததால் சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே நிலைத்துவிட்டது. வாரமெல்லாம் அம்மாவோடு, சனி ஞாயிறு என்னோடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பஸ். வழியெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே போனாலும் அரை மணியில் போய்விடுவேன்.

அந்த நேரத்தில்தான் சுண்டுவின் அம்மாவுக்கு வேறொரு ஊரில் வேலை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை. இங்கே வருடக்கணக்காக முட்டி மோதியும் கிடைக்காத நாற்காலி, அங்கே தானாகத் தேடி வந்தது. நல்ல சேதிதான், வேறு யாருக்காவது வந்திருந்தால் நானே கைகுலுக்கியிருப்பேன். சுண்டுவும் கூடப் போகிறாள் என்றதும் தலைக்குள் ஏதோ அறுந்துவிட்டது. போனில் நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

விஷயம் குடும்ப நீதிமன்றத்தின் சமரசப் பிரிவுக்குப் போனது. வட்ட மேஜை, நடுவில் கண்ணைத் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சுவரில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். அங்கே வருகிறவர்களை வெறுப்பேற்றுவதற்கென்றே மாட்டி வைத்திருக்கிறார்கள். சமரசம் பேசும் அதிகாரி ஒரு பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி, குரலில் தூக்க மாத்திரை. நாங்கள் இருவரும் எவ்வளவு கத்தினாலும் "ம், அப்புறம்?" என்பார். அவரை மேடம் என்றே கூப்பிட்டோம்.

மேடம் என்னிடம் கேட்டார், "சார், உங்களுக்கு என்னதான் வேணும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"சனி ஞாயிறு வேணும்."

"அவங்க ஊர் மாறினா நீங்க அங்க போய்ப் பார்க்கலாமே?"

நான் முந்தின ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் நடுராத்திரிக்குள் போய்ச் சேர வேண்டும். சனி முழுதும், ஞாயிறு மதியம் வரையும் மகளோடு இருக்க வேண்டும். அதற்கு ஒரு அளவு வைத்திருந்தேன். மேஜையைத் தட்டிச் சொன்னேன், "அஞ்சு மணி நேரத்துக்கு மேல பறக்கிற ஊர்னா சம்மதிக்க மாட்டேன். அஞ்சுக்குள்ளன்னா சரி. எழுதிக்குங்க."

அவள் உடனே கைப்பேசியை எடுத்து இரண்டு ஊரையும் தட்டினாள். முகம் மலர்ந்துவிட்டது. திரையை மேடம் பக்கம் திருப்பினாள். பறக்கும் நேரம் நாலேமுக்கால் மணி. மேடம் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து என் அக்காவுக்குப் போன் செய்து, "ஜெயிச்சுட்டேன்கா, நான் சொன்ன நிபந்தனைதான் நின்னுச்சு" என்று வேறு பீற்றிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர்கள் போய் இரண்டாவது வாரம் டிக்கெட் போட டிராவல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த ஊருக்கு நேர் ப்ளைட் கிடையாதே சார்."

"என்னது?"

"நடுவுல இறங்கி மாறணும். ரெண்டாவது ப்ளைட்டும் தினம் கிடையாது."

நான் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார், அதுவும் எனக்குத் தெரிந்தது.

"இது ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போட்டு, ப்ளேன் வேகத்தால வகுத்த கணக்கு சார். கீழ போட்டிருக்காங்க பாருங்க."

எறும்புத் தலை சைஸ் எழுத்தில் போட்டிருந்தார்கள். உத்தேச நேரம்தானாம், உண்மையான விமானச் சேவையைக் குறிப்பதல்லவாம்.

"அப்போ நாலேமுக்கால் மணி நேரத்துல யாருய்யா பறக்கிறா?"

"யாரும் பறக்கல சார். கணக்கு மட்டும்தான் பறக்குது."

நான் லிஃப்ட் மெக்கானிக். என் தொழிலில் கோடு என்றால் கோடுதான். உச்சி மாடியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டுகிற வழியில் லிஃப்ட் பெட்டி ஓடுகிற தண்டவாளத்தை நிறுத்துவோம். பொத்தானில் பத்து என்று எழுதியிருந்தால் பெட்டி பத்தாவது மாடியில் போய் நிற்க வேண்டும். பத்தாவது மாடி உத்தேசமானது என்று பொத்தானுக்குக் கீழே எறும்பெழுத்தில் எழுதி வைத்தால் என்னைச் செருப்பால் அடிப்பார்கள். இதையெல்லாம் அந்த இணையதளத்துக்கு எழுதி அனுப்பினேன். நொடியில் பதில் வந்தது, "உங்கள் கருத்துக்கு நன்றி! உங்கள் பயணம் இனிதாகட்டும்!" பக்கத்தில் சின்னதாக ஒரு விமானப் படம், அது சிரித்துக்கொண்டிருந்தது.

சரி, போய்த்தான் பார்ப்போம் என்று போனேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு ஏறினேன். விமானம் மாறுகிற நடுவூரில் இறங்கியபோது ராத்திரி. அடுத்த விமானம் மறுநாள் மதியம்தான். நடுவில் கைப்பிடி வைத்த நாற்காலிகள், மனிதன் எப்படியாவது படுத்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்துச் செய்தவை. தரையில் படுத்தேன். துடைப்ப வண்டிக்காரர் வந்து எழுப்பினார், வேறு பக்கம் போய்ப் படுத்தேன், அந்தப் பக்கமும் அவரே வந்தார். சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்கு அவர்கள் ஊரில் இறங்கினேன். சுண்டு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சாப்பிட்டோம். புது பள்ளிக்கூடத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள், பாதியில் தூங்கிவிட்டாள். திரும்பி வர இருந்த ஒரே விமானம் ஞாயிறு விடியற்காலையில். நான் கிளம்பும்போது அவள் எழுந்திருக்கவில்லை. நான் எழுப்பவும் இல்லை.

திங்கட்கிழமை நேராக மேடம் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"மேடம், இது ஏமாத்து வேலை."

"யாரு சார் ஏமாத்தினது?"

அதுதான் தெரியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, திரையில் இருந்ததைக் காட்டினாள். மேடம் பொய் சொல்லவில்லை, காட்டியதை அச்செடுத்தார். நிபந்தனை என்னுடையது. கோபம் மலையளவு இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு ஆள் இல்லை. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டா?

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு விமானங்களின் நேரத்தையும் கூட்டினார். "காத்திருந்ததை விடுங்க. பறந்ததை மட்டும் கூட்டினாலே ஏழரை மணி வருதே."

ஏழரை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பிடித்திருப்பது அதுதான் என்று அக்கா எப்போதோ சொன்னாள்.

"சிரிக்காதீங்க சார். ஒப்பந்தத்துல அஞ்சுன்னு இருக்கு. நீங்க கேட்டா, குழந்தையைத் திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு வாங்க வழி இருக்கு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கேக்கிறேன்" என்றேன்.

அடுத்த வாரம் அவளைத் திரையில் வரவழைத்தார்கள். வெள்ளைக் கோட்டோடு இருந்தாள், வேலை நடுவில் வந்திருக்கிறாள் போல. மேடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது.

நான் ஆரம்பித்தேன். "உனக்குத் தெரியும். மாறித்தான் போகணும்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"சத்தியமா தெரியாது. டிக்கெட் கையில வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள வேலையை விட்டாச்சு, வீட்டைக் காலி பண்ணியாச்சு. சுண்டுவை வெச்சுக்கிட்டு அந்த நாற்காலியில ராத்திரி பூரா உட்கார்ந்தேன் நான்."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இதோ, இதைத்தானே பண்ணியிருப்பீங்க?"

"நாலேமுக்கால்னு காட்டினியே!"

"நீங்க மட்டும்? லிஃப்டுல மாட்டிக்கிட்டு அலர்றவங்ககிட்ட அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம்னு சொல்லுவீங்களே, என்னிக்காவது அஞ்சு நிமிஷத்துல திறந்திருக்கீங்களா?"

மேடம் இருமினார். இருமல் மாதிரி இல்லை.

பிறகு அவள் குரலை இறக்கினாள். "சரி, வாதாடல. எனக்குச் சக்தி இல்ல. திரும்பி வரச் சொன்னா வரேன். வேலையை விட்டுடறேன்."

இந்த இடத்தில் நான் பெருந்தன்மையாக ஏதோ சொன்னேன் என்று கதை விடலாம். இல்லை. வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் வேலை போனால் போகட்டும், எனக்கு என் மகள் வேண்டும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அதற்குள் மேடம் பென்சிலைத் தூக்கினார்.

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். இங்கிருந்து நடுவூருக்கு நாலு மணிக்குள்ள. அங்கிருந்து நடுவூருக்கும் நாலு மணிக்குள்ள. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கமும் கிளம்பி வந்து நடுவுலயே பாத்துக்கிட்டா? யாருக்கும் அஞ்சு மணியைத் தாண்டாது. ஒப்பந்தமும் அப்படியே நிக்கும்."

இப்படி ஒரு யோசனை தூங்கி எழுந்தவருக்குத்தான் வரும். ஆனால் எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. அவளுக்கு வேலை தப்பித்தது. எனக்கு மகளும் கிடைத்தாள், விட்டுக்கொடுக்கவில்லை என்ற பெயரும் கிடைத்தது. வாரம் ஒரு முறை என்பது மாதம் ஒரு முறையாகிவிட்டதை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை, நான் உள்பட.

அப்படித்தான் விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடம் ஒன்று எங்கள் குடும்பத்தின் வரவேற்பறை ஆனது. சனிக்கிழமை ராத்திரி நான் போய்த் தரையில் படுப்பேன். துடைப்ப வண்டிக்காரர் இப்போது எழுப்புவதில்லை, வணக்கம் சொல்லிவிட்டுச் சுற்றிப் போகிறார். ஞாயிறு காலை விமானத்தில் அவர்கள் இறங்குவார்கள், மதிய விமானத்தில் திரும்பிவிடுவார்கள். வெளியே போய் ஊரைப் பார்த்துவர நேரம் பத்தாது. சாம்பல் நிறக் கம்பளம், பிளாஸ்டிக் செடி, மூன்று வயதுக் குழந்தைகளுக்கான சறுக்கு மரம். சுண்டு அதில் இறங்கினால் உட்கார்ந்த இடத்திலேயே கால் தரையைத் தொட்டுவிடும்.

இதில் பெரிய வேடிக்கை வேறு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்று கோர்ட் படி ஏறிப் பிரிந்தவர்கள் நானும் அவளும். பிரிந்த பிறகு அரை மணி தூரத்தில் இருந்த காலத்தில்கூட வாசலில் நின்று குழந்தையை வாங்கிக்கொள்வதோடு சரி. இப்போது மாதா மாதம் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடிக்கிறோம். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்காருவோம், அதில் சுண்டுவின் பை இருக்கும்.

முதல் மாதம் அமர்க்களமாக இருந்தது. நகரும் நடைபாதையில் நானும் சுண்டுவும் எதிர்த் திசையில் ஓடிக் காவலரிடம் திட்டு வாங்கினோம். இரண்டாவது மாதம் சீட்டு விளையாடினோம். மூன்றாவது மாதம் அவர்கள் விமானம் தாமதம், வந்த சுண்டு காது வலிக்கிறது என்று என் மடியில் படுத்தவள் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று விமான நிலையத்தில் இருந்த அத்தனை பேரையும் கடித்துக் குதறலாம் போல இருந்தது எனக்கு. அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் சுண்டு வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் வாங்கி வைத்திருந்த பொம்மைப் புத்தகத்தைப் பிரித்தாள், மூடினாள். சட்டை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அடுத்த மாசம் நான் வரலன்னா கத்துவீங்களா?"

அவள் அம்மா சட்டென்று காபியைக் கீழே வைத்தாள். "நான் சொல்லிக் குடுக்கல. சத்தியமா இல்ல."

எனக்கு அது தெரியும். அம்மா சொல்லிக் கொடுத்திருந்தால் சுண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாள். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோபத்தில் மேஜையைத் தட்டுகிற கை.

"ஏன்டா குட்டி?"

"என் ஃப்ரெண்டுக்கு பர்த்டே. சனிக்கிழமை சாயந்தரம் பார்ட்டி. எல்லாரும் போறாங்க. பார்ட்டி முடிச்சிட்டு ப்ளேனுக்காக இருட்டுலயே எந்திரிக்கணும். எப்பவும் நான் மட்டும் இருட்டுல எந்திரிக்கிறேன். காது வேற வலிக்குது. நான் வந்தா நீங்களும் அம்மாவும் இங்க பார்க்கிறீங்க, அங்க பார்க்கிறீங்க, என்னைப் பேசு பேசுன்னு சொல்றீங்க. எனக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

கோபம் கிளம்பியது. அந்த இணையதளத்துக்காரன் மேல், மேடம் மேல், அவர் பென்சில் மேல், வாரத்தில் நாலு நாள் ஓடாத விமானம் மேல். இவ்வளவு பாடுபட்டு, தரையில் படுத்து, கோர்ட்டில் மல்லுக்கட்டி வாங்கிய மூன்று மணி நேரம் இது. இதை வேண்டாம் என்கிறாளே! வாயைத் திறந்தால் கத்தலாகத்தான் வரும், அது சுண்டு மேல்தான் விழும். அதனால் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சொன்னேன், "கத்த மாட்டேன். நீ பார்ட்டிக்குப் போ. அடுத்த மாசம் நான் அங்க வரேன்."

"அங்கன்னா?" என்றாள் அவள் அம்மா. "இறங்கவே சாயந்தரம் ஆயிடும். விடிஞ்சா கிளம்பணும். ஒரு நாள் முழுக்க வழியிலயே போயிடும்."

"தெரியும்."

சுண்டுவின் முகத்தில் பயம் வந்தது. "பார்ட்டிக்கு வருவீங்களா?"

"சீ சீ. உள்ள வர மாட்டேன். முடிஞ்சதும் வாசல்ல நிக்கிறேன். அங்கிருந்து நம்ம ரெண்டு பேரும் நடந்து வீட்டுக்குப் போலாம்."

"அங்கிருந்து வீடு பக்கம்பா. ரெண்டே தெருதான்."

"பரவால்ல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நடு நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பைத் திறந்து மூடினாள். சுண்டு நகர்ந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள்.

"எட்டு மணிக்குப் பார்ட்டி முடியும்" என்றாள். "உங்க ப்ளேன் லேட்டாச்சுன்னா நான் நிக்க மாட்டேன். அம்மாகூடப் போயிடுவேன்."

"சரி" என்றேன்.